சர்வரம்மாவின் பெயரில் இன்னும் உள்ளே இருப்பவர்கள்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, தலைமை அறுவை மருத்துவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் அம்மையாரின் கணவரே, அவருடைய அன்பு மகளே, வார்டுகளை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் செவிலியர்களே, ஆய்வகத் தோழர்களே, பணம் கட்டும் கவுன்ட்டர் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் மருந்தகப் பொறுப்பாளனின் தலை குனிந்த வணக்கம்.

தலை குனிந்த என்பது மரியாதைக்காகச் சொன்ன வார்த்தை அல்ல. இன்று காலையிலிருந்து என் தலை நிமிரவில்லை. ஏன் என்பதைச் சொல்லாமல் இந்த ஒலிபெருக்கியை விட்டு நான் நகரப் போவதும் இல்லை.

டேட்டாபேஸ் நிர்வாகி என்பது அம்மையாரின் பதவி. அந்தப் பெயரால் அவரை அழைத்தவர் இந்த அரங்கில் ஒருவராவது உண்டா? நமக்கு அவர் சர்வரம்மா! புதிதாகச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் கேன்டீனுக்குப் போய், டீ கொடுத்துக்கொண்டிருந்த பெண்மணியிடம் "சர்வரம்மா நீங்கதானா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட கதை உங்களுக்கெல்லாம் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லி அவரே அதிகம் சிரித்தார்.

அவர் வேலை என்ன? நம் நோயாளிகளின் விவரம் முழுவதும் அடித்தளத்து அறையில் இருக்கும் சர்வரில் இருக்கிறது. நாம் அவரவர் இடத்திலிருந்து பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து அதற்குள் நுழைகிறோம். நுழைந்த ஒவ்வொருவரும் அவர் திரையில் ஒரு வரி. யார் பெயர், எப்போது உள்ளே வந்தார், என்ன செய்கிறார், யாருக்காக யார் காத்து நிற்கிறார் என்று அத்தனையும் அந்த வரியில் தெரியும். காலையில் வந்ததும் வகுப்பாசிரியை வருகை பார்ப்பதைப் போல அந்த வரிகளைப் பார்ப்பார். வேலை இல்லாமல் உள்ளே கிடப்பவர்களை வெளியேற்றுவார். ஆனால் எப்படி வெளியேற்றுவார்? கேட்டுவிட்டு! ஒருவரைக்கூடக் கேட்காமல் அவர் துண்டித்ததில்லை.

தலைமை அறுவை மருத்துவர் என்னைப் பொறுத்தருள வேண்டும். ஒரு மதியம் அவர் ஒரு நோயாளியின் மருந்துப் பக்கத்தைத் திறந்து, அளவை மாற்றி எழுதி, சேமிக்காமல் சாப்பிடப் போய்விட்டார். அவர் பிடியில் அந்தப் பக்கம் இருக்கும்வரை வேறு யாரும் அதில் எழுத முடியாது. வார்டிலிருந்து மருந்தகத்துக்கு ஃபோன் மேல் ஃபோன். கணினிப் பிரிவின் மேலாளர் கத்தினார்: "யாரா இருந்தா என்னம்மா, வெட்டி விடுங்க!"

"வெட்டினா அவர் எழுதினது போயிடும் சார். எழுதினது மருந்து அளவு. இருங்க, கேட்டுட்டு வர்றேன்" என்றார் சர்வரம்மா.

ஃபோனில் கிடைக்காததால் படியேறிக் கேன்டீனுக்கே போனார். "டாக்டர், நீங்க இங்க சாப்பிடுறீங்க. அங்க உங்க பேரு வாசலை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. வந்து அதை எழுப்பி விட்டுட்டு மறுபடி சாப்பிடுங்க." நம் மருத்துவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். மருத்துவரே, தலையாட்டுகிறீர்கள். நன்றி.

இப்படிப்பட்டவரை நாம் என்ன செய்தோம்? சொல்ல வாய் கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

நம் பாஸ்வேர்டுகள் காலாவதியாகி, மருந்தகத்து வரிசை வாசல்வரை நீண்ட அந்த நாளில், பரிதாபப்பட்டுத் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் எங்களிடம் கொடுத்தார். "இன்னைக்கு மட்டும்தான். சாயங்காலம் மாத்திடுவேன்" என்றார். அது தவறுதான், விதியை மீறியதுதான். அவரே பின்னால் அப்படித்தான் சொன்னார். சாயங்காலத்துக்குள் அந்தப் பாஸ்வேர்டு ஆய்வகத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து கவுன்ட்டருக்கு. அங்கிருந்து வார்டுகளுக்கு. கீபோர்டுக்கு அடியில் ஒட்டி வைத்தார்கள். சொன்னபடியே மாற்றினார். மாற்றியதும் பாதி மருத்துவமனை நின்றது. "பழையபடியே வச்சிடும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மேலிடம் யார் என்று நான் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

அந்த "அப்புறம்" வரவே இல்லை. அவர் கதவு கதவாகப் போய்க் கேட்டார். "உங்களுக்குன்னு மறுபடி ஒரு பேரு வாங்கிக்கங்க. ஒரு நிமிஷ வேலை. நானே பண்ணித் தர்றேன்." நாம் என்ன சொன்னோம்? தலைக்கு மேல் வேலை என்றோம். நாளைக்கு என்றோம். நானும் அதையேதான் சொன்னேன். அவர் திரையில் வரிக்கு வரி அவர் பெயரே ஓடியது. எந்தக் கணினி என்று பார்க்கலாம் என்றால், நம் கணினிகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று நகலெடுத்தவை, அவற்றுக்கும் ஒரே பெயர்! அதற்கப்புறம் நம்மை நம் குணத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடித்தார். "திறந்து போட்டுட்டு ஓடுறது பிரசவ வார்டு. ஒரே கேள்வியை மூணு தடவை கேக்கறது மருந்தகம்" என்று என்னிடமே கேலி செய்தார்.

பிறகு அந்த விபரீதம் நடந்தது. யாரோ ஒருவர் கொடுத்த ஒரே கட்டளையில், ஒரு வார்டு முழுவதும் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பதிவாகிவிட்டது. படுக்கையில் நோயாளிகள் இருக்கிறார்கள், சர்வரில் இல்லை. சாப்பாடு வரவில்லை. மருந்து வரவில்லை. யாருக்கும் உயிர்ச் சேதம் இல்லாதது நம் நல்ல காலம். விசாரணை வைத்தார்கள். பதிவில் இருந்த பெயர் சர்வரம்மாவுடையது. அந்த விசாரணையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

"இது உங்க பேர்தானே?" என்று கேட்டார்கள்.

"பேரு என்னோடதுதான் சார். கை என்னோடது இல்ல."

"அப்போ யாரோட கை?"

"அது தெரியற மாதிரி பண்ணுங்கன்னுதானே இத்தனை நாளா உங்க எல்லார் வாசல்லயும் நின்னுக்கிட்டிருக்கேன்?"

எச்சரிக்கை அவர் பெயருக்கு வந்தது. அவருக்கு வரவேண்டிய கணினிப் பிரிவுத் தலைமைப் பதவி வேறொருவருக்குப் போனது. அந்தக் கை யாருடையது? எனக்குத் தெரியாது, நண்பர்களே! என் மருந்தகத்தின் கையாக இருக்கலாம். உங்கள் கையாக இருக்கலாம். தெரியாமல் போகும்படி நாமெல்லாம் சேர்ந்து பார்த்துக்கொண்டோம், அதுதான் நம் சாமர்த்தியம்!

மாரடைப்பு அவரைக் கேட்காமல் கொண்டுபோய்விட்டது. ஒருவர் மறைந்தால் அவருடைய லாகினை மூடுவது விதி. இன்று காலை அவருடைய உதவியாளர் அதை மூடப் போனார். போனவர் முகம் வெளுத்து மருந்தகத்துக்கு ஓடி வந்தார். "சார், அம்மா இன்னும் வேலை பார்த்துக்கிட்டிருக்காங்க" என்றார். நான் அடித்தளத்துக்கு இறங்கிப் போய்ப் பார்த்தேன். திரையில் மேலிருந்து கீழ்வரை அவர் பெயர். ரத்தப் பரிசோதனை பார்க்கிறார். பணம் வாங்குகிறார். குழந்தை பிறந்ததைப் பதிவு செய்கிறார். செத்துப்போன மனுஷியை நாம் இன்னும் வேலை வாங்கிக்கொண்டிருக்கிறோம்!

"மொத்தமா நிறுத்திடட்டுமா சார்? ஆனா அம்மா கேக்காம நிறுத்த மாட்டாங்களே. நான் யாருக்கு ஃபோன் பண்றது? எல்லாமே அவங்க பேரா இருக்கே" என்று அந்தப் பெண் அழுதார்.

அந்தக் கேள்வியோடு இந்த அரங்குக்கு வந்தேன். வாசலில் அம்மையாரின் கணவர் நின்றிருந்தார். பேருந்து ஓட்டுநர், பணிச் சீருடையோடு வந்திருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: "சார், அந்தத் தப்பு இன்னும் அவ பேர்லதான் இருக்கா? எம்பொண்ணு கேக்குறா." மகளே, நீ கேட்ட கேள்விக்கு உன் அப்பாவிடம் நான் பதில் சொல்லவில்லை. இந்த மேடையில், எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். உன் தாய் அந்தத் தவறைச் செய்தார் என்பதற்கு அந்தப் பெயரைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அந்தப் பெயரில் நாங்கள் அத்தனை பேரும் இருந்தோம். விசாரணையில் இதைச் சொல்ல வேண்டிய நான் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இயக்குநர் அவர்களே, அந்த எச்சரிக்கையை ரத்து செய்து, அந்தத் தகவலை இவர்கள் வீட்டுக்கு நீங்களே நேரில் கொண்டுபோக வேண்டும். இது வேண்டுகோள் அல்ல. இதைச் செய்யாமல் அவர் படத்துக்கு மாலை போடும் யோக்கியதை நமக்கு இல்லை.

நண்பர்களே! அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே உறுதி சொல்வது வழக்கம். அவர் பணி என்ன? உள்ளே இருப்பது யார் என்று தெரிந்துகொள்வது, கேட்டுவிட்டு அனுப்புவது. இன்று அவர் இடத்திலிருந்து நான் கேட்கிறேன். அவர் பெயரில் இப்போது உள்ளே இருப்பவர்கள் யார் யார்? கையைத் தூக்குங்கள். வெட்கப்பட்டுக்கொண்டே தூக்குங்கள், பரவாயில்லை. ஆய்வகம், தெரிகிறது. கவுன்ட்டர், தெரிகிறது. பின்னால் தூணோரம் நிற்பவர்களும் தூக்குங்கள். மேடையிலும் ஒரு கை... நன்றி ஐயா.

என் கையும் இதோ. நான் இங்கே வரும்போது மருந்தகக் கணினியை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அவருக்கு இரங்கல் சொல்ல, அவர் பெயரைத் திறந்து போட்டுவிட்டு வந்திருக்கிறேன்! ஆகவே இப்போது யாரும் மௌனமாக எழுந்து நிற்க வேண்டாம். எழுந்து, அவரவர் இடத்துக்குப் போவோம். கையில் இருக்கும் வேலையைச் சேமிப்போம். வெளியேறுவோம். அந்த ஒரு நிமிஷ வேலையை முடித்து, அவரவர் பெயரில் மறுபடி நுழைவோம். உதவியாளர் அடித்தளத்தில் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். யாரையும் துண்டிக்க மாட்டார்; காத்திருப்பார். சர்வரம்மாவின் பெயர் இருக்கும் கடைசி வரி மறைந்ததும் என்னைக் கூப்பிடுவார். அதற்குப் பிறகு திரும்பி வந்து அஞ்சலி செலுத்துவோம்.

அடுத்துப் பேச இருப்பவர்கள் என்னை மன்னியுங்கள். மருந்தகம் பக்கத்தில்தான். நான் முதலில் போகிறேன்.