பெயின்ட்டின் மேல் ஒரு போல்ட்

பேட்டரியை எங்கே வைத்தாலும் அது பேட்டரிதான், ஐயா. இன்ஜின் பக்கத்தில் வைத்தால் சூட்டில் தண்ணீர் வற்றும். சீட்டுக்கு அடியில் வைத்தால் சுகமாகக் கிடக்கும். இடத்தை மாற்றுகிற யோசனை என்னுடையதுதான். ஜீப்புக்காரன் சின்னராசு அப்படிச் செய்யச் சொல்லிக் கேட்கவில்லை.

என் பெயர் சக்கரவர்த்தி. ஊர் கலசப்பாக்கம். ராஜ்ஜியம் என்று பார்த்தால் ஜமுனாமரத்தூரில் நாலு தகரம் போட்ட ஒரு மெக்கானிக் ஷெட். பன்னிரண்டு வருஷமாக இந்த மலையில் ஓடுகிற ஜீப்புகளுக்கு நான்தான் வைத்தியன். கை கொஞ்சம், வாய் அதிகம். ஷெட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என் பேச்சைக் கேட்க வருகிறவர்கள். எனக்கு அது பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சின்னராசு மலைக்கு உள்ளே, பதினோரு வீடு மட்டும் உள்ள ஓர் ஊர்க்காரன். சாமையும் புளியும் சந்தைக்கு ஏற்றிப்போக ஒரு பழைய டீசல் ஜீப் வைத்திருந்தான். அந்த ஊருக்கு அது ஒன்றுதான் வண்டி. பங்குனி மாசம் அதன் பேட்டரியை டிரைவர் சீட்டுக்கு அடியில் மாற்றி, எர்த் ஒயரை பாடியில் ஒரு போல்ட் போட்டு முறுக்கினேன். போல்ட் போடுகிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டருக்குப் போதுமான கரண்ட் கிடைக்காது. தொழிலுக்கு நேற்று வந்தவனுக்கும் இது தெரியும். அன்று நான் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தேன். சுரண்ட மறந்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் வண்டி மக்கர் செய்தது. சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரிக்கு சார்ஜ் போட்டேன். ஸ்டார்ட்டரைக் கழற்றித் துடைத்தேன். ஒரு நாள் கிளம்பும், மறுநாள் டக். அந்தச் சமயம் ஆலங்காயத்திலிருந்து கோகுல்ராஜ் வந்திருந்தான். டிப்ளமா படித்த மெக்கானிக். சாவியைத் திருப்பச் சொல்லி, இரண்டு இடத்தில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னான்: "எர்த்து புடிக்கல போலண்ணா. அந்த போல்ட்ட கழட்டிப் பாருங்க."

எதிரே டீக்கடையில் பத்துப் பேர் நின்றார்கள். சோழி உருட்டுகிற ஜோசியன்கூட இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சின்னராசுவும் சிரித்தான். கோகுல்ராஜ் மீட்டரைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

அன்று சாயங்காலம் யாரும் இல்லாதபோது, பேட்டரியிலிருந்து ஒரு தடித்த ஒயரை நேராக இன்ஜினில் பிடித்துப் பார்த்தேன். பாதிச் சுற்றில் ஸ்டார்ட் ஆனது. அணைத்து, ஒயரை எடுத்துவிட்டுத் திருப்பினேன். டக்.

அப்போதே சுரண்டிவிட்டு ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கோகுல்ராஜ் சொன்ன மறுநாளே வண்டி சரியானால் எந்தப் பொய்யும் நிற்காது, ஐயா. ஊர் மறக்கட்டும், பிறகு செய்யலாம் என்று ஒயரைச் சுருட்டி வைத்தேன். சின்னராசுவிடம், "இது மாப்ள வண்டிப்பா. யாராவது பின்னாலருந்து தள்ளுனாத்தான் மணமேடை ஏறும். இறக்கத்துல நிறுத்து" என்றேன். மலையில் அது வழக்கம்தான். பாதி வண்டிகள் சரிவில்தான் தூங்கும். பிரேக்கை விட்டால் உருண்டு கிளம்பிவிடும். அவன் வீட்டுக்கு அரை பர்லாங் தள்ளி, புளியமரத்துச் சரிவில் நிறுத்தப் பழகிக்கொண்டான். எட்டு மாசம் அப்படியே ஓடியது. எனக்கும் மறந்துபோயிற்று என்றால் நம்புவீர்கள். மறக்கவில்லை.

கார்த்திகையில் புதுச் சாமை குத்தியதும் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டான். இத்தனை மாசம் வண்டியை ஓட வைத்ததற்கு விருந்தாம். அவனே வந்து ஏற்றிப்போனான். மழை பெய்து ஓய்ந்திருந்தது. புளியமரத்தைத் தாண்டி நேராக வாசலுக்குக் கொண்டுபோய், சமதரையில் நிறுத்தி இன்ஜினை அணைத்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"மெக்கானிக்கே கூட இருக்கச்சொல்ல இறக்கம் எதுக்குண்ணா?" என்றான்.

அவன் மனைவி செல்லி சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டாள். நான் சொன்னதற்கெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு விறகு எடுக்கப் போனாள். விறகுக் குவியலில் பாம்பு இருந்தது.

அவளைத் தூக்கி ஜீப்பின் பின்னால் கிடத்தினோம். சின்னராசு சாவியைத் திருப்பினான். டக். ஊரே கூடித் தள்ளியது. சேற்றில் சக்கரம் வழுக்கியதே தவிர இன்ஜின் சுற்றவில்லை; சரிவு வரை தள்ளிப்போகவும் முடியவில்லை. "அண்ணா, நீ பாருண்ணா" என்றான்.

என் பையில் ஸ்பேனரும் திருப்புளியும் இருந்தன. சீட்டைத் தூக்கி, ஒரு போல்ட்டைக் கழற்றி, சுரண்டி, திரும்ப முறுக்க மூன்று நிமிஷம் போதும். ஆனால் சின்னராசு என் தோளுக்கு மேல் குனிந்து நின்றான். சுற்றிலும் பதினோரு வீட்டு ஜனங்கள். போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் கலையாமல் இருப்பதை அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

நான் பானெட்டைத் திறந்தேன்.

இருபது நிமிஷம் இன்ஜினில் கை வைத்துக்கொண்டிருந்தேன். பேட்டரி இருக்கிற பக்கமே போகவில்லை. எல்லாப் பாம்புக்கும் விஷம் கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாம்பை அடித்துப் போட்டிருந்தார்கள், அது விரியன் என்று பார்த்ததுமே எனக்குத் தெரியும். கடைசியில் ஸ்டார்ட்டர் போய்விட்டது என்றேன். யாரோ பாறை மேல் ஏறி சிக்னல் பிடித்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். ஓடையில் வெள்ளம், ஜீப் மாதிரி இறங்கித் தாண்ட முடியாது, அக்கரையில்தான் நிற்க முடியும் என்றார்களாம். போர்வையைக் கம்பில் கட்டிச் செல்லியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். நானும் தோள் கொடுத்தேன். ஓடைக்கு முன்னாலேயே அவள் மூச்சு நின்றுவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் போய், யாரும் இல்லாத நேரம் பார்த்து பெயின்ட்டைச் சுரண்டினேன். ஸ்டார்ட்டரைச் சரிசெய்தேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது தொட்டால் கிளம்புகிறது. ஆனாலும் சின்னராசு புளியமரத்துச் சரிவில்தான் நிறுத்துகிறான். "அன்னிக்கு இங்க வுட்டிருந்தா அவ இருந்திருப்பா. நான்தாண்ணா கொன்னுட்டேன்" என்று என்னிடமே சொல்கிறான். விதி, வுடு என்கிறேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே சொல்கிறான். வீட்டில் அடுப்புப் பற்ற வைப்பதில்லை.

யாரும் புகார் கொடுக்கவில்லை என்கிறீர்கள். யார் கொடுப்பார்கள்? சட்டத்தில் இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. பத்துப் பேர் என்னைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது என்று செல்லியைச் சாகவிட்டேன். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். என்ன தண்டனை என்றாலும் சரி.

ஒன்றே ஒன்றுதான், ஐயா. இது சின்னராசு காதுக்குப் போக வேண்டாம். இளகின மனசுக்காரன். என்னைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொண்டிருக்கிறான். தாங்கமாட்டான்.