வாப்பா கையெழுத்துப் போட்டு வைத்த தாள்

பெயர் ராபியா. தகப்பனார் பெயர் சேக் மைதீன். வயது பதினாறு. பதினோராம் வகுப்பு. விலாசம் பள்ளிவாசல் பின்தெரு, தென்காசி. தேதி 18-7-1985.

நான் மேற்படி விலாசத்தில் என் தாயார் சைதூன் பீவியுடன் குடியிருந்து வருகிறேன். தகப்பனார் சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கிறார். முன்வீட்டில் என் பெரியவாப்பா, அதாவது தகப்பனாரின் அண்ணன் ஹபீபுல்லா இருக்கிறார். நாங்கள் இருக்கும் வீடும் அவர் பெயரில்தான் உள்ளது. நேற்று ஸ்டேஷன் ஏட்டையா எங்கள் வீட்டுக்கு வந்து என்னிடம் வாக்குமூலம் எழுதினார். கேள்வியை என்னிடம் கேட்டார். பதிலைப் பெரியவாப்பா சொன்னார். எழுதி முடித்து வாசித்தபோது நான் தலையை ஆட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது. ஆகவே அவர் எழுதிய வரிசைப்படியே இதை நான் எழுதுகிறேன். பெரியவாப்பாவுக்குத் தெரியாமல் அடுப்படியில் விளக்கைத் தணித்து வைத்து எழுதுவதால் எழுத்து நன்றாக இல்லை.

எங்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை விஜயம் டீச்சர் சென்ற ஆண்டு என்னையும் வேறு ஆறு மாணவிகளையும் வாட்டர் போலோ விளையாட்டில் சேர்த்தார். ஆழத்தண்ணீரில் மிதந்தபடியே பந்தை எறிந்து கோல் போடுகிற ஆட்டம் அது. காலைத் தரையில் ஊன்றக் கூடாது. நாங்கள் எல்லோரும் கிணற்றில் நீந்தப் பழகியவர்கள் என்பதால் ஊன்றுகிற பழக்கமே எங்களுக்கு இல்லை. அதற்காகத்தான் எங்களை எடுத்ததாக டீச்சர் சொன்னார். மேலகரத்தில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் குறுக்கே கயிறு கட்டி ஞாயிறுதோறும் பயிற்சி நடந்தது. நான் கோல் காப்பவள். டீச்சர் படியில் நின்றுகொண்டு, "ஏட்டி ராபியா, கோழிக்குஞ்சைப் பிடிக்க மாதிரில்லா பிடிக்கே, அது பந்துட்டி" என்பார். நான் முழுக்கைச் சட்டையும் பைஜாமாவும் போட்டுத்தான் விளையாடினேன். வேறு உடை போடும்படி டீச்சர் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னதாக ஏட்டையா எழுதிய தாளில் இருக்கிறது.

அதன் பிறகு மே மாதம் மெட்ராஸில் தேர்வு நடந்தது. அக்டோபரில் சிங்கப்பூரில் நடக்கவிருக்கும் பெண்கள் சர்வதேசப் போட்டிக்கு எடுத்த பதின்மூன்று பேரில் என் பெயரும் இருந்தது. அதன் பிறகு பாஸ்போர்ட்டுக்குத் தகப்பனாரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். தம்மாமுக்குக் கடிதம் போய்ப் பதில் வர ஒன்றரை மாதம் ஆகும். தகப்பனார் ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் ஐந்தாறு வெற்றுத் தாள்களின் அடியில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவார். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, கரண்டு ஆபீஸ் எதற்கானாலும் மேலே எழுதிக் கொடுத்துக்கொள்வோம். வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் இது வழக்கம். அதில் ஒரு தாள்தான் மீதி இருந்தது. அதை என் தாயாருக்குத் தெரியாமல் நானே பெட்டியிலிருந்து எடுத்தேன். அதன் பிறகு அதில் சம்மதம் என்று எழுதி, தகப்பனார் அனுப்பியது என்று சொல்லி டீச்சரிடம் கொடுத்தேன். டீச்சர் நம்பிவிட்டார்.

அதன் பிறகு திங்கட்கிழமை பாஸ்போர்ட் விசாரணைக்காக ஏட்டையா வந்தார். பெரியவாப்பா உட்காரவைத்துப் பேசினார். ஏட்டையா என்னைப் பார்த்து, "ஏம் பாப்பா, தண்ணிக்குள்ள பந்து விளையாட சிங்கப்பூருக்குப் போகணுமாக்கும்? நம்ம குத்தாலத்துல தண்ணி இல்லியா?" என்றார். இருவரும் சிரித்தார்கள். அதன் பிறகு ஏட்டையா சம்மதக் கடிதத்தைக் காட்டினார். எழுத்து தம்பியுடையது இல்லை, டீச்சர்தான் கள்ளக் கையெழுத்துப் போட்டுப் பெண்ணைக் கடத்தப் பார்க்கிறாள் என்று பெரியவாப்பா அன்றே மனு கொடுத்தார். சீசன் பந்தோபஸ்துக்கு இன்ஸ்பெக்டர் ஐயா குற்றாலம் போய்விட்டதால், செவ்வாயும் புதனும் இன்றும் டீச்சரைக் காலையிலிருந்து பொழுது அடையும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். எங்களோடு விளையாடும் பாலம்மாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். டீச்சர் கழுத்தில் விசில் அப்படியே கிடக்கிறது என்றாள். "உனக்காவத்தான் அங்கன உக்காந்திருக்கா. நீ இங்கன சோறு திங்கே" என்றும் சொன்னாள். நாளைக் காலை டீச்சரைக் கோர்ட்டுக்கு அனுப்பப் போவதாகப் பெரியவாப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

கையெழுத்து என் தகப்பனாருடையது. மேலே உள்ள எழுத்து என்னுடையது. டீச்சர் எதையும் எழுதவில்லை. நான்கு நாளாக ஆளாளுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. போட்டி இனி வேண்டாம். என் விண்ணப்பத்தை ரத்து செய்துவிட்டு டீச்சரை வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியபோது என் தாயார் எழுந்து வந்துவிட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. வாசிக்கச் சொன்னார். மெதுவாக வாசித்தேன். தாளை எடுத்த இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, "பெட்டிச் சாவி என் இடுப்புலல்லா கிடக்கு. நீ எப்படிட்டி எடுத்தே?" என்றார். அதன் பிறகு அவரே சொன்னார். "நான் கொடுத்தேன்னு எழுது. உன் வாப்பா அதை எங்கிட்டத்தான் தந்துட்டுப் போனாவ. உன் பெரியவாப்பாகிட்ட இல்ல."

வீட்டை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று சொன்னேன்.

"எறக்கட்டும். அந்தப் பொம்பள மூணு நாளா பெஞ்சுல இருக்கா."

ஆகவே உண்மை இது. தாளை எடுத்துக் கொடுத்தவர் என் தாயார். எதற்கென்று தெரிந்துதான் கொடுத்தார். வீடு போய்விடும் என்று பயந்து நான் மாற்றி எழுதினேன். அதன் பிறகு மீதியையும் வாசித்தேன். விண்ணப்பத்தை ரத்து செய்யக் கேட்ட இடம் வந்ததும், "அதையும் அடி" என்றார்.

போட்டி வேண்டாம் என்றதும் அதோடு சேர்ந்ததுதான். இந்த இரண்டு இடங்களையும் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் என் பெயர் எழுதியிருக்கிறேன். விண்ணப்பம் அப்படியே இருக்கட்டும். அடித்தவை போக மீதி எல்லாம் நடந்தது நடந்தபடி. யாரும் மிரட்டி எழுதவைக்கவில்லை. விடிந்ததும் நானும் என் தாயாரும் இதை ஸ்டேஷனுக்குக் கொண்டுவருவோம்.

(ஒப்பம்) சே. ராபியா

சைதூன் பீவி, இடது பெருவிரல் ரேகை. மை இல்லாததால் அடுப்புக்கரியில் வைத்தது.