சிலைகளுக்கு முன்னால் நின்றவர்

“சிலை பாக்கப் போய், ரெண்டு மணித்தியாலமா சிலையளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டனான்” என்றார் எனக்கு முன் இருக்கையில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா. மனுரேவா ஸ்டேஷனில் ரயில் ஏறியதிலிருந்து, பக்கத்தில் இருந்த மதுரைப் பெண்ணிடம் இத்தாலிப் பயணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். எதிரே அவருடைய கணவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

“ஏன்க்கா அப்படி?”

“வழிகாட்டுற பிள்ளையை விட்டா நாங்கள் எட்டே எட்டுப் பேர். எல்லாம் பழைய காலத்துச் சிலை, ஒண்டிலயும் உடுப்பில்லை. இவருக்கு, எடுக்கிற படத்தைக் கோயில் ஆக்களுக்குக் காட்ட வேணுமாம். அதுக்கு நான் முன்னுக்கு நிண்டு மறைக்க வேணுமாம்.”

“எல்லாச் சிலைக்குமா?”

“ஓம். மூண்டு பிலிம் றோல் முடிஞ்சுது. அந்தப் பிள்ளை ஒவ்வொரு சிலையையும் பற்றி அருமையாக் கதைக்குது. மற்ற ஆறு பேரும் நான் எப்ப விலகுவன் எண்டு பாத்துக்கொண்டு நிக்கினம். கடைசிச் சிலை பனை உயரம். கைப்பையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடி எண்டார்.”

“பிடிச்சீங்களா?”

“பிடிக்காட்டி விடுவாரே?”

மதுரைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “ஆமா, சிலையெல்லாம் எப்படி இருந்துச்சு?”

“எனக்கென்ன தெரியும்? இவரைக் கேளும்.”

கணவர் பேப்பரை இறக்காமலே சொன்னார்:

“சொல்ல ஏலாது, தங்கச்சி. அவ்வளவு வடிவு.”