பின் கேற் பற்றி நான் கொடுத்த தீர்ப்பு

2018.04.11 காலை 9.40க்குத் தமிழில் பதியப்பட்டது.
பெயர்: ஸ்ரனிஸ்லாஸ் கிளெமென்ற். வயது: 51. தொழில்: ஒத்திகை விளையாட்டு நடத்துநர். வதிவிடம்: கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

நான் மேற்சொன்ன இடத்தில் மனைவி ஐறீனுடன் வசிக்கிறேன். வெள்ளவத்தையில் உள்ள ஒரு சிறு நிறுவனத்தில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். வெள்ளம், தீ, வாயுக்கசிவு, தேர்தல் கலவரம் போன்றவை வந்தால் யார் என்ன செய்வார்கள் என்பதை, மேசையில் வரைபடம் விரித்து, ஆட்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்து, விளையாட்டாக நடத்திப் பார்ப்பதே எங்கள் தொழில். ஆட்டத்தில் தகராறு வந்தால் நடத்துநர் சொல்வதே தீர்ப்பு. அந்த அதிகாரம் எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதே விடயம் பற்றிக் கடந்த மார்ச் 26ஆம் திகதி இந்தப் பொலிஸ் நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்திருந்தேன். ஒரு சரக்குக் கொள்கலன் யார்ட்டின் பின் கேற், அதாவது பின்வாசல் கதவு, பூட்டியிருக்கும் என்று விளையாட்டின்போது யாரும் சொல்லவில்லை என்று அதில் கூறினேன். அது பொய். அதைத் திருத்துவதற்காக இன்று யாரும் அழைக்காமல் நானாக வந்தேன்.

பெப்ரவரி 8ஆம் திகதி, ஒருகொடவத்தையில் உள்ள அந்தத் தனியார் கொண்டெய்னர் யார்ட்டுக்காக எங்கள் அலுவலகத்தில் ஆட்டம் நடந்தது. யார்ட்டில் குளோரின் சிலிண்டர் கசிந்தால், அதன் பின்னால் வரிசை வீடுகளில் இருக்கும் அறுபது குடும்பங்களையும் எப்படி வெளியேற்றுவது என்பதே கேள்வி. முன்பக்கமாக வந்தால் வாயுவுக்குள்தான் வரவேண்டும். மற்ற வழி, வீடுகளுக்கு அப்பால் வீதிக்குத் திறக்கும், யார்ட்டுக்குச் சொந்தமான பின் கேற்.

ஏழு பேர் விளையாட வேண்டும். குடியிருப்பாளர்களின் பாத்திரத்துக்கு வரவேண்டிய அரச அலுவலர் வரவில்லை. ஆள் குறைந்தால் சாரதியையோ அலுவலகத்தில் நிற்கும் வேறு யாரையோ இருத்தி ஆட்டத்தை முடிப்பது எங்கள் வழக்கம். அதன்படி, எங்கள் அலுவலகத்தில் துப்புரவு செய்து தேநீர் போடும் வெள்ளையம்மாவை அந்த இடத்தில் இருத்தினேன். அவர் அந்த வரிசை வீடுகளிலேயே குடியிருப்பவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆறு வருடமாக அவர் போட்ட தேநீரைக் குடித்திருக்கிறேன், எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அதன்பின் ஆட்டம் தொடங்கி, மூன்றாவது நிகழ்வு அட்டையில் கசிவு அறிவிக்கப்பட்டு, யார்ட் முகாமையாளர் திரு. றேமண்ட் பின் கேற் வழியாக ஆட்களை எடுக்கும்படி சொன்ன பிறகும், வெள்ளையம்மா தன் முன்னாலிருந்த, குடும்பங்களைக் குறிக்கும் சிவப்புக் கட்டைகளை நகர்த்தாமல் இருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"சேர், அந்த கேட்டு காலையில லொறி போனதுமே சங்கிலி போட்டு பூட்டிருவாங்க. நான் அங்கதான் குடியிருக்கேன். சாவி செக்கூரிட்டிகிட்ட இருக்கும், அவரு முன்னுக்குத்தான் நிப்பாரு" என்றார்.

திரு. றேமண்ட் சிரித்துவிட்டு, "கிளெமென்ற், அட்டையில இல்லாத கதையெல்லாம் எடுத்தா நாங்க எப்ப முடிக்கிறது?" என்றார். அப்போது பன்னிரண்டரை மணி. மதியச் சாப்பாடு வந்திருந்தது. ஆனால் அடுத்து நான் செய்தது பசியால் அல்ல. முகாமையாளர் முன்னிலையில், தேநீர் போடும் ஒரு பெண்ணின் சொல்லைக் கேட்டு ஆட்டத்தை நிறுத்துவது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. வரைபடத்தில் கேற் திறந்திருக்கிறது, ஆட்டத்தில் வரைபடம் சொல்வதே உண்மை என்று தீர்ப்புக் கொடுத்தேன். அப்படி எங்கள் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. இடத்தை அறிந்தவர் பிழை சொன்னால் வரைபடத்தைத் திருத்த வேண்டும் என்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை எழுதியவன் நான்.

அவர் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கேற்றுக்கு வெளியே வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அதன்பின் அறுபது குடும்பங்களும் பதினொரு நிமிடத்தில் வெளியேறியதாக அறிக்கை எழுதி, வரவுப் பட்டியலில் அவருடைய பெயருக்குப் பதிலாக, வராத அலுவலரின் பெயரைப் போட்டு யார்ட்டுக்கு அனுப்பினேன். எங்கள் ஆட்டத்தில் தேநீர் போடுபவர் இருந்தார் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்று அந்தக் கூச்சத்தை நினைக்கத்தான் வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 22ஆம் திகதி காலை பத்து மணியளவில் அந்த யார்ட்டில் உண்மையாகவே சிலிண்டர் கசிந்தது. என் அறிக்கையில் உள்ளபடியே எல்லோரும் பின் கேற்றுக்குப் போகும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கேற் பூட்டியிருந்தது. அங்கே நெரிசலில் விழுந்து மூச்சுத்திணறிய பாக்கியலெட்சுமி, வயது 38, வைத்தியசாலையில் இறந்தார். அவர் வெள்ளையம்மாவின் தங்கை. வெள்ளையம்மா அந்நேரம் எங்கள் அலுவலகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். செய்தியை அவரிடம் சொன்னவனும் நான்தான். அவர் கேற்றைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பின் அவர், கேற் பூட்டியிருப்பதைத் தான் முன்பே சொன்னதாக இங்கு முறைப்பாடு செய்தார். அப்படி ஒரு பெண் ஆட்டத்தில் இருக்கவேயில்லை என்று யார்ட்டுக்காரர் என் வரவுப் பட்டியலைக் காட்டினார்கள். விளையாடிய மற்ற ஐவரும் யார்ட்டின் ஆட்கள்தான். திரு. றேமண்ட் எனக்குத் தொலைபேசியில், "பட்டியல்ல உள்ளதைத்தான் நீர் சொல்ல வேணும்" என்றார். நானும் "ஓம்" என்று சொல்லி, வந்து அப்படியே கூறினேன். அதனால் பொய் முறைப்பாடு கொடுத்ததாக வெள்ளையம்மா மீதே வழக்கு வரப்போவதாகவும், அவரை இன்று விசாரணைக்கு அழைத்திருப்பதாகவும் நேற்று அறிந்தேன்.

வெள்ளையம்மா கூறியது முழுவதும் உண்மை. அவர் சொன்னதை நான் தெளிவாகக் கேட்டேன். வேறு யாரும் என் காதைப் பொத்தவில்லை.

இன்று காலை நான் இந்த நிலையத்துக்குள் வந்தபோது, அவர் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் வழக்கம்போல எழுந்து நின்று, வாங்கைக் காட்டி, "இருங்க சேர்" என்றார். நான் இருக்கவில்லை. அவரும் பிறகு இருக்கவில்லை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதும் அவர் அங்கே நின்றுகொண்டிருக்கிறார்.

மேலே எழுதியவை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. இம்முறை நான் சொன்னவை யாவும் உண்மை.

(ஒப்பம்) ஸ்ர. கிளெமென்ற்