பென்சிங் ஆஃப்

இரண்டு சர்வரை வைத்து கிளஸ்டர் ஆரம்பிக்கக் கூடாது மேடம், குறைந்தது மூன்று வேண்டும். விவரம் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். எங்களுக்கு இரண்டுதான் கொடுத்தார்கள். அதை வைத்து ஒப்பேற்றினோம்.

நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும். ஆனால் இதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் புரியாது. போன தடவை வந்த எஸ்.ஐ. பாதியிலேயே கொட்டாவி விட்டுவிட்டார். நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். தப்பு அவர்மேல் இல்லை, இது கேட்கச் சுவாரசியமான வேலை கிடையாது.

மலைமேலே வாழவந்தி நாடு என்கிற ஊர்ப்பகுதியில் ஓர் அறக்கட்டளையின் மருத்துவ மையத்தில் எனக்கு கம்ப்யூட்டர் வேலை. மலையில் இருக்கிற கர்ப்பிணிகள், சர்க்கரைக்காரர்கள், பாம்பு கடித்து வந்தவர்கள் எல்லாருடைய விவரமும் எங்கள் சர்வரில்தான் இருக்கும். இடி மழை என்றால் அது படுத்துவிடும். படுத்தால் நர்சுகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். அதனால் லினக்ஸ் சர்வர் இரண்டைச் சேர்த்துக் கட்டி, ஒன்று விழுந்தால் இன்னொன்று உடனே வேலையை எடுத்துக்கொள்கிற மாதிரி செய்யச் சொன்னார்கள். அதற்குத்தான் கிளஸ்டர் என்று பெயர். எனக்கும் தெரியாது, வளர்மதிக்கும் தெரியாது. சேர்ந்து கற்றுக்கொண்டோம்.

வளர்மதி ராசிபுரத்துப் பெண், என்னைவிடச் சின்னவள். ஆபீசில் எல்லாருக்கும் நான் ரோஸ்லின் மேடம், அவளுக்கு மட்டும் அக்கா. க்வார்ட்டர்சில் எனக்கு அடுத்த வீடு. என் குழம்பில் பாதி அவளுக்கு, அவள் சுடுகிற தோசையில் பாதி எனக்கு. ஒரு சர்வரை முன்கட்டடத்தில் வைத்தோம், இன்னொன்றை மேட்டில் இருக்கிற பழைய குடோனில் வைத்தோம். நடுவே ஒரு கேபிள். அதன் வழியாக இரண்டும் "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால், மற்றது செத்துவிட்டது என்று இது எடுத்துக்கொள்ளும்.

செத்திருந்தால் பரவாயில்லை. கேபிள் மட்டும் அறுந்து, இரண்டுமே உயிரோடு இருந்தால்தான் வினை. இரண்டும் நான்தான் பெரியவன் என்று ஒரே இடத்தில் எழுதி, இருக்கிறதை எல்லாம் குட்டிச்சுவராக்கிவிடும். அதனால் சந்தேகம் வந்த உடனே ஒன்று மற்றதன் கரன்ட்டைத் துண்டித்துவிட வேண்டும். சாஃப்ட்வேரில் இதற்குப் பெயர் பென்சிங். முதல் வாரம் எங்கே தப்பு செய்தோமோ, இது அதை நிறுத்தும், அது எழுந்து வந்து இதை நிறுத்தும், நாள் முழுக்க இதே கூத்து.

"மாத்தி மாத்தி அணைச்சுக்கிட்டே கெடக்குதுங்கக்கா, புதுசாக் கண்ணாலம் ஆனதுங்க மாதிரி" என்றாள் வளர்மதி. எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அப்படிச் சிரிக்கிறவள் இல்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு பென்சிங்கும் அங்கே இருந்தது, கரன்ட் வேலி. க்வார்ட்டர்சுக்கும் குடோனுக்கும் நடுவே இருக்கிற மரவள்ளிக் காடு அர்த்தனாரியுடையது. வருஷா வருஷம் காட்டுப்பன்றி வந்து கிழங்கைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போகும். என்னிடம் வந்து நின்று அழாத குறையாகக் கேட்டார். நான்தான் ஆபீஸ் பேட்டரி ரூமிலிருந்து அவருக்கு ஒரு லைன் கொடுத்தேன். குச்சி நட்டு வெறும் கம்பி இழுத்தார். சாயங்காலம் நான் ஸ்விட்சைப் போடுவேன், காலையில் வந்த உடனே அணைப்பேன். அது குற்றம் என்று எனக்குத் தெரியும், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பகலில் நாங்கள் எல்லாரும் அந்தக் காட்டுக்குள் புகுந்துதான் குடோனுக்குப் போவோம். ரோட்டைச் சுற்றினால் தூரம்.

கிளஸ்டர் ஒருவழியாக நின்றது. ஐப்பசி மழையில் ஒரு சர்வர் போனபோது இன்னொன்று எடுத்துக்கொண்டது, எந்த நர்சுக்கும் தெரியவே இல்லை. அந்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ராஜாமணி சார் வீடியோவில் வந்து பாராட்டினார். நானும் வளர்மதியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இனிமேல் ஆள் கணக்கு எப்படி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வளர்மதி முந்திக்கொண்டாள்.

"இனி அதுவாவே ஓடிக்குமுங்க சார். ஒருத்தரு இருந்தாப் போதுமுங்க. அக்கா கீழ போயிட்டாங்கன்னா அவங்களுக்கும் சொந்தபந்தத்தோட இருந்த மாதிரி ஆச்சுங்க."

சிரித்த முகமாகவே சொன்னாள். என் கையைக்கூடப் பிடித்துக்கொண்டாள்.

மேடம், கீழே எனக்கு என்ன இருக்கிறது என்று இந்த மலையில் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். துறையூரில் தம்பி வீடு. புருஷன் விட்டுவிட்டுப் போனபிறகு அங்கே சமைத்துப் போட்டு, பாத்திரம் கழுவி, பின்கட்டில் படுத்து நான் இருந்த இருப்பை அவளிடம்தான் சொல்லியிருந்தேன். திரும்பவும் அங்கே போவதற்குச் சாகலாம் என்றும் சொல்லியிருந்தேன். அன்றைக்கு அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தாள். எல்லாம் தெரிந்துதான் சொந்தபந்தம் என்றாள்.

பிறகு காரணம் சொன்னாள். ஒரு ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று ஒரு மாசம் முன்பே ராஜாமணி சார் அவளிடம் சொல்லிவிட்டாராம். அவள் அம்மாவுக்கு டயாலிசிஸ், அவள் சம்பளம் நின்றால் அதுவும் நிற்குமாம். "எனக்கு வேற வழி தெரியலீங்கக்கா" என்று அழுதாள். நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். நியாயமாகத்தான் பேசினாள். ஆனால் அந்த ஒரு மாசமும் என் குழம்பைத் தின்றாளே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து கேட்டிருப்போம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் அவளை மன்னித்துவிட்டேன். அப்படித்தான் நினைத்தேன்.

துறையூர் கிளைக்குப் பாதிச் சம்பளத்தில் மாறுதல் உத்தரவு வந்தது. சாமான் கட்ட ஆரம்பித்தேன். திட்டம் எதுவும் போடவில்லை, அதை நீங்கள் நம்ப வேண்டும்.

அன்று காலை பனிமூட்டம், பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. சீக்கிரமே ஆபீசுக்குப் போய்விட்டேன். கம்பியின் ஸ்விட்சை அணைப்பதற்கு முன்னால் ஸ்கிரீனைப் பார்த்தேன். நடுக் கேபிள் போயிருந்தது. முதல் வாரக் கூத்து மாதிரி இரண்டும் மாற்றி மாற்றி அணைத்துக்கொள்ளக் கூடாது என்று, எழுதுகிறதை ஒரே சர்வரோடு நிறுத்திவிட்டு, முதலில் சாஃப்ட்வேரில் பென்சிங்கை நிறுத்தினேன். அந்த நேரத்தில் வளர்மதி போன் பண்ணினாள். அவள் போனுக்கும் எச்சரிக்கை வந்திருந்தது.

"நீங்க அலையாதீங்கக்கா, குடோனுக்கு நானே போயிப் பாக்கறேன். பென்சிங் ஆஃப்ல இருக்குதுங்களா?"

"ஆஃப்லதான் இருக்குது கண்ணு" என்றேன்.

இந்தப் போன் பேச்சைப் போன தடவையே சொல்லிவிட்டேன், லைன் கொடுத்ததை மட்டும் மறைத்தேன். அவள் சர்வரைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்தேன், ஸ்கிரீனைப் பார்த்துப் பதில் சொன்னேன் என்றேன். தலைமை அலுவலகத்து இன்ஜினியர் வந்து, ஆமாம், சாஃப்ட்வேரில் அப்படி ஒரு வார்த்தை உண்டு, அந்த நேரத்தில் அது ஆஃப்தான் என்று காட்டினார். எல்லாரும் என்னைப் பாவம் என்றார்கள். ராஜாமணி சார் மாறுதலை ரத்து செய்துவிட்டு, நீங்கள் இங்கேயே இருங்கள், மனசைத் தளர விடாதீர்கள் என்றார். வளர்மதி கம்பியில் மாட்டிச் செத்ததற்கு அர்த்தனாரியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள்.

அவர் என் பெயரைச் சொல்லவில்லை. தானே திருட்டுத்தனமாக லைன் இழுத்ததாகச் சொல்லியிருக்கிறார். நான் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை மேடம். போன வாரம் அவர் சம்சாரம் பெருமாயி ஒரு பை நிறைய மிளகு கொண்டுவந்து என் வாசலில் வைத்தாள்.

"உங்க பேரு வெளிய வரக்கூடாதுன்னு எங்கூட்டுக்காரரு சொல்லீட்டாருங்க. எங்களுக்கு நல்லது பண்ணப்போயித்தானே சாமி உங்களுக்கு இந்தக் கஷ்டம்" என்றாள்.

ஜெயிலுக்குப் போயும் என்னைக் காட்டிக்கொடுக்காத மனுஷன் ஒருத்தர் இருக்கிறார். அது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் நானே வந்தேன்.

போன தடவை இன்னொன்றையும் சொல்லாமல் விட்டேன். நாங்கள் கிளஸ்டர் ஆரம்பித்த புதிதில், ஒரு சாயங்காலம் வளர்மதி குடோனிலிருந்து போனில் பென்சிங்கை ஆஃப் பண்ணுங்கக்கா என்று கத்தினாள். அவள் சொன்னது சர்வரை. நான் கம்பியை ஆஃப் பண்ணிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். விடிவதற்குள் பன்றிகள் அர்த்தனாரியின் காட்டில் பாதியைத் தீர்த்துவிட்டன. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நாங்கள் இரண்டு பேரும் ரெண்டு நாள் ஒளிந்து திரிந்தோம். அதோடு ஒரு முடிவு செய்தோம். சர்வர் விஷயத்தை வாயால் பென்சிங் என்று சொல்லவே கூடாது. அதற்கு "பீஸ் புடுங்கறது" என்று வளர்மதிதான் பெயர் வைத்தாள். அன்றிலிருந்து பென்சிங் என்றால் எங்கள் இருவருக்கும் கம்பி மட்டும்தான். அவள் ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை.

அன்று காலையிலும் மாற்றிச் சொல்லவில்லை. கம்பியைத்தான் கேட்டாள். எனக்கு அது தெரிந்தது. ஸ்விட்ச் என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் இருந்தது, திரும்பினால் கைக்கு எட்டும். நான் திரும்பவில்லை. "சரீங்கக்கா, வந்து டீ வைக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேபிள் வரவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. பிறகு எழுந்து ஸ்விட்சை அணைத்துவிட்டு, மரவள்ளிக் காட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

அவ்வளவுதான். அர்த்தனாரியை விட்டுவிடுங்கள். கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நம்பி வந்தவளுக்குத் துரோகம் செய்தேன் என்று மட்டும் எங்கேயும் எழுத வேண்டாம் மேடம், அதற்கு நான் போட மாட்டேன். துரோகம் செய்தவள் அவள்.