அலை கதவைத் தொடும் வரை

அந்த நாற்காலியில் உட்காருங்கள், ஐயா. இந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஜன்னல் வெயில் கண்ணைக் குத்தும். அங்கே கடல் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும், காற்று மட்டும் வரும். டிராக்டர் ஷெட் என்பதால் டீசல் வாடை கொஞ்சம் இருக்கும், பழகிவிடும். டீயை மெதுவாகக் குடியுங்கள். நமக்கென்ன அவசரம்.

கடற்கரையில் வண்டி இறக்கக் கூடாது என்று போட்ட தடையை நிரந்தரமாக்குவதா, எடுத்துவிடுவதா என்று அறிக்கை எழுத வந்திருக்கிறீர்கள். கார்கள் ஏன் அடிக்கடி மணலில் புதைந்தன என்று ஊர் முழுக்கக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் கடல் உள்ளே வருகிறது என்றிருப்பார், இன்னொருவர் காலம் கெட்டுப்போச்சு என்றிருப்பார். ஐஸ்கிரீம்காரர் தடை நல்லதுதான் என்றிருப்பார். அவருக்கென்ன, மேலே ரோட்டில் வண்டியை விட்டுவிட்டு நடக்கிறவர்கள் அவர் கடை வாசலில்தான் மூச்சு வாங்குகிறார்கள். உண்மையான காரணம் நான். அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

ஊரில் என்னைக் கயிறண்ணன் என்பார்கள். என் உத்தியோகம் கடற்கரையைச் சுத்தம் செய்வது. டிராக்டருக்குப் பின்னால் பெரிய சீப்பு மாதிரி ஒரு வாரி கட்டியிருப்பதைப் பார்த்தீர்களே, அதை வைத்துக் கடல் ஒதுக்கிப்போடும் பாசியைத் தினமும் விடியற்காலையில் வாரி, தொலைவில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். புதைந்த வண்டிகளைக் கயிறு கட்டி இழுத்துவிடுவது நான் சும்மா செய்கிற உபகாரம். அதற்கு யாரிடமும் கை நீட்டியதில்லை.

ஒருநாள் உடம்புக்கு முடியவில்லை. பாசியை ஏற்றிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு, ரோட்டிலிருந்து மணலுக்கு இறங்கும் சரிவுப் பாதை முடிகிற இடத்தில் பள்ளம் பறித்து, அதில் தள்ளி மணலைப் போட்டு மூடினேன். மதியம் ஒரு குடும்பம் சரியாக அதன்மேல் காரை நிறுத்தியது. நிறுத்தும்போது ஒன்றும் தெரியாது. கிளம்பும்போதுதான் சக்கரம் உள்ளே போயிருப்பது தெரியும். நான் போய் இழுத்துவிட்டேன். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க மட்டும் வரலேன்னா எங்க கதி என்ன ஆயிருக்கும்" என்றார்.

என் வீட்டில் எனக்கு நன்றி சொல்லி எத்தனையோ காலமாகிறது, ஐயா. உப்பு வாங்கி வந்தால் ஏன் புளி வாங்கவில்லை என்பார்கள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு கை தானாகப் பழகிவிட்டது. கீழே ஈரப் பாசி, மேலே மெல்லிசாக மணல், அதன்மேல் ஒரு தடவை உருளை. பார்த்தால் பாய் விரித்த மாதிரி இருக்கும். முதலில் அலட்டல் பேர்வழிகளுக்கு மட்டும்தான் என்று நினைத்தேன், பாட்டை அலறவிட்டுக்கொண்டு பறவைகளைத் துரத்தி வண்டி ஓட்டுவார்களே, அவர்களுக்கு. ஆனால் பள்ளத்துக்கு ஆள் பார்க்கத் தெரியவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வண்டி வெறுமனே புதைந்திருந்தால் 'தேங்க்ஸ்' என்பதோடு சரி. அலை வந்து டயரை நனைத்துவிட்டால் கையைப் பிடித்துக்கொள்வார்கள். தண்ணீர் கதவைத் தொட்டுவிட்டால் அழுவார்கள், கடவுள் மாதிரி வந்தீர்கள் என்பார்கள், ஊருக்குப் போய்க்கூட ஃபோன் செய்வார்கள். மனிதர்கள் உள்ளுக்குள் எவ்வளவு நல்லவர்கள் என்பது அப்போதுதான் தெரிகிறது. அதனால் கதவைத் தொடும் வரை காத்திருப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். இதே ஜன்னலில், டீயோடு.

பிறகு அந்தச் சாம்பல் நிறக் கார் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் பாறைப் பக்கம் நின்று ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஏறியதை அவர்கள் கவனிக்கவேயில்லை. டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை, அதனால்தான் தாமதம் என்று போலீசில் சொன்னேன். அது பொய். முதல் திருப்பலுக்கே ஸ்டார்ட் ஆயிற்று. பின் சீட்டில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். தெரியும். தெரிந்த பிறகும் கொஞ்சம் காத்திருந்தேன். கதவைத் தொட இன்னும் ஒரு சாண் பாக்கி இருந்தது.

பெரிய அலை ஒன்று என் கணக்கை மீறி வந்துவிட்டது. காரைக் கடல் கொண்டுபோயிற்று. அதற்குள் குழந்தையை நான் இடுப்பளவு தண்ணீரில் தூக்கி வந்துவிட்டேன், ஒரு கீறல்கூட இல்லை. அந்தத் தாய் என் காலில் விழுந்தாள். நகராட்சியில் கேடயம் கொடுத்தார்கள், உங்கள் தலைக்கு மேலே அலமாரியில் இருக்கிறதே, அதுதான். கேடயத்தைக் கொடுத்த கையோடு, கடற்கரை ஆபத்தானது என்று வண்டிகளுக்குத் தடையும் போட்டுவிட்டார்கள்.

அதில் அடிவாங்கியது என் தங்கை. சரிவுக்கு மேலே மஞ்சள் லாட்ஜ் அவளுடையது. இங்கே ஜனங்கள் வந்ததே தண்ணீர் வரைக்கும் காரை விட்டு, டிக்கியைத் திறந்து சாப்பாட்டைப் பரப்பத்தான். நடக்க முடியாத பெரியவர்கள் சீட்டில் இருந்தபடியே கடலைப் பார்ப்பார்கள். இப்போது முழங்கால் வலிக்காரர்களும் கைக்குழந்தைக்காரர்களும் அடுத்த ஊருக்குப் போகிறார்கள். நடந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஐஸ்கிரீம் தின்றுவிட்டு சாயங்காலமே கிளம்பிவிடுகிறார்கள். மச்சான் வரவேற்பு மேஜையில் ஈ ஓட்டுகிறார். யாரும் படுக்காத படுக்கைக்குத் தங்கை உறை மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். "இந்த மாசத்தோட மூடிடலாம்னு அவரு சொல்றாருண்ணா. கல்யாணமானதுலேர்ந்து அந்த லாட்ஜ்தான் எனக்கு வீடு. இனிமே நான் எங்க போவேன்."

எனக்கு மனசு கேட்கவில்லை, ஐயா. அவளை நான் தூக்கி வளர்த்தேன். குற்றம் என்னுடையது என்றால் மணல் நிரபராதி. மணல் நிரபராதி என்றால் 'வண்டி இறக்கலாம்' என்று நீங்கள் ஒரு வரி எழுதலாம், அவள் பிழைத்துக்கொள்வாள். என்னை உள்ளே தள்ளுங்கள், பரவாயில்லை.

ஆனால் நேற்று நீங்கள் ஃபோனில் பேசிய தோரணையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தடையை நிரந்தரமாக்குவது என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டுத்தான் வருகிறீர்கள். நான் வாயால் சொல்வதை மட்டும் வைத்து நம்புவீர்களா? ஊருக்காகக் கயிறண்ணன் கயிறு திரிக்கிறான் என்பீர்கள். அதனால் இன்று விடிந்ததும் கடைசித் தடவையாக ஒரு பள்ளம் பறித்தேன். கடலும் நிறையப் பாசி ஒதுக்கியிருந்தது. அரசாங்க ஜீப்புக்குத் தடை கிடையாதல்லவா. நீங்கள் சரிவில் இறங்கியதும், "இங்க நிறுத்துங்கய்யா, நல்ல கெட்டியான இடம்" என்று கை காட்டியது நான்தான்.

நான் இழுத்துவிட்ட யாரும் அதற்குப் பிறகு எனக்கு முடியாது என்று சொன்னதில்லை. நீங்களும் சொல்ல மாட்டீர்கள். தங்கைக்காக அந்த ஒரு வரியைத்தானே கேட்கப் போகிறேன். நீங்களே மனசாரக் கையெழுத்துப் போடுவீர்கள்.

இப்போது திரும்பிப் பார்க்கலாம். டயர் முழுகிவிட்டது, பார்த்தீர்களா. உங்கள் டிரைவர் தம்பி பின் சீட்டில் காலை நீட்டி அசந்து தூங்குகிறார். பாவம், காலையிலேயே கிளம்பிய களைப்பு. டிராக்டர் சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, எங்கும் போகவில்லை.

உட்காருங்கள், ஐயா. இன்னும் கதவைத் தொடவில்லை.