ஏணியில் தொங்கிய தகடு

மார்ச் 11, செவ்வாய். நேற்றைய குறிப்பில் மர ஏணி என்று எழுதியது தவறு. அலுமினிய ஏணி. கதையே அதில்தான் இருக்கிறது. எனவே முதலிலிருந்து.

நேற்று மாலை வகுப்பில் மின்சாரம் போனதும் பெஞ்சுகளை ஒட்டிப் போட்டுக்கொண்டு எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். தட்டச்சு வேலை பார்க்கும் பெண் ஒரு கதை ஆரம்பித்தாள். அவளுடைய பெரியப்பா மகனுக்கு நடந்ததாம்.

“அண்ணன் பொய் சொல்ல மாட்டான். அதுக்கெல்லாம் மூளை வேணும்” என்றாள். “பயப்படாதீங்க. அண்ணன், அண்ணி ரெண்டு பேரும் இன்னிக்கும் ஒண்ணாத்தான் இருக்காங்க.”

அது நடந்த அன்று மாலை ஆறரை மணி. மலையிலிருந்து இறங்க ஒரே ஒரு மண்பாதை, விளக்கு கிடையாது. உச்சியில் புதைந்துபோன பழைய ஊரை ஆராய்ச்சிக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஊர் அல்ல... ஒரு காலத்து வீட்டின் தலையில் அடுத்த காலத்து வீடு, அதன் தலையில் இன்னொன்று. அண்ணன் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுபவன். ஏணியும் அவன் பொறுப்பு. அண்ணி குழிக்குள் இறங்கி, மண்சுவரில் தெரியும் அடுக்குகளை வரைபவள்.

அங்கே ஒரு வழக்கம். இறங்குகிறவர் தன் எண் போட்ட தகரத் தகட்டை ஏணியின் உச்சியில் மாட்ட வேண்டும். ஏறியதும் எடுத்துக்கொள்ள வேண்டும். தகடு தொங்கினால் ஏணியைத் தூக்கக் கூடாது.

குழியின் அடியில் ஓர் அறை. வாசலைக் களிமண் வைத்து அடைத்திருந்தார்கள். அழுத்திப் பூசிய விரல்தடங்கள் உள்பக்கம் இருந்தன. ஆனால் உள்ளே ஓர் எலும்புகூட இல்லை. மேல் அடுக்கு அறையிலும் அப்படியே. அதற்கு மேலும்... அப்படியே.

“உள்ளேருந்து அடைச்சவங்க எந்த வழியாப் போனாங்க?” மதியம் சாப்பிடும்போது அண்ணி கேட்டாள்.

“புருஷன்கிட்ட கோவிச்சுக்கிட்டு சாத்தியிருப்பா. நீ சாத்தறதில்லையா?”

“சாத்துவேன். நீங்க கெஞ்சுனா திறப்பேன்ல.”

அன்றைக்கே வரைந்து முடித்தாக வேண்டும். மறுநாள் குழியை மூடுகிறார்கள்.

இருட்டிவிட்டது. அண்ணன் இயந்திரத்துக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டுத் திரும்பினான். குழிக்கு மேலே, ஏணியருகே அண்ணி நின்றிருந்தாள்.

“முடிஞ்சுதா?”

தலையாட்டினாள். அவன் ஏணியை மேலே இழுத்துத் தரையில் போட்டான். கிளிங்... என்று சின்னதாக ஒரு தகரச் சத்தம். பசி நேரம். குனிந்து பார்க்கவில்லை.

இருசக்கர வண்டியில் மலையை விட்டு இறங்கினார்கள். பின்னாலிருந்து அவன் இடுப்பைப் பிடித்திருந்த கை, சட்டைக்கு மேலேயே சில்லென்று இருந்தது. ஈரக் களிமண் வாசனை. மழை பெய்து நாலு மாதம் ஆகிறது.

பாதி வழியில்தான் உறைத்தது. அந்த ஏணியில் கால் வைத்தால் படிக்குப் படி டங், டங் என்று பல் கூசும். நாள் முழுக்கக் கேட்ட சத்தம். இவள் ஏறியபோது... கேட்கவே இல்லை.

வண்டியை வேகமாக ஓட்டினான். பின்னால் திரும்பவில்லை.

வீடு இரண்டாவது மாடியில். ஓர் அறை, ஒரு சமையலறை, கம்பி போட்ட ஜன்னல். அவன் நுழைந்ததும் அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

“உன் தகடு எங்க?”

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். தகடு இல்லை. ரேகைகளில் மட்டும் களிமண்.

அவன் சமையலறைக்குப் போய் அண்ணியின் எண்ணை அழைத்தான். வீட்டுக்குள் எந்தப் போனும் அடிக்கவில்லை. ஆனால் எடுத்தார்கள். முதலில் காற்று. பிறகு...

“என்னங்க, விளையாடாதீங்க. எவ்வளவு நேரமாக் கத்தறேன்? கூப்பிட போன்ல காசும் இல்ல. ஏணியப் போடுங்க.”

ஓடி வந்தான். அவள் கதவோரம் உட்கார்ந்து நிலைக்கும் கதவுக்கும் நடுவில் களிமண்ணை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவ்வளவு களிமண் எங்கிருந்து வந்ததோ. கீழே முடிந்துவிட்டது. பக்கவாட்டில் முடிந்துவிட்டது. தாழ்ப்பாளை இழுத்தான். கல்லை இழுப்பதுபோல் இருந்தது.

போனில் இன்னும் குரல் வந்துகொண்டிருந்தது. “கோவமா? சரி, நான்தான் கெஞ்சறேன். தூக்கி விடுங்க...”

அவள் கை நீட்டிப் போனை வாங்கினாள். மேல் இடுக்கில் வைத்து, அதன்மேல் களிமண்ணைப் பூசினாள். விரலால் மெதுவாக வழித்தாள். குரல் அடங்கியது.

“தூங்குங்க” என்றாள். அண்ணியின் குரல்தான். “காலைல சீக்கிரம் எழுந்திரிக்கணும்.”

மலை உச்சியில், குழியருகே இருந்த பலகையில் எழுதியிருந்தது இது. நாளைய வேலை: காலை ஏழு மணிக்கு, இயந்திரத்தால் மண் தள்ளிக் குழியை மூடுவது. ஓட்டுபவர், அண்ணன்.